திமிங்கல, டால்ஃபின் தரவைப் பன்னாட்டுக் கணக்கெடுப்பில் சேர்ப்பது எப்படி? முதல்முறை இறங்குபவர்களுக்கு

இரண்டு பருவம் கடலில் அலைந்து நாங்கள் எடுத்த கூனல் திமிங்கல வால் படங்களில் பாதிக்கு மேல் எந்தப் பன்னாட்டுப் பட்டியலிலும் உருப்படியாகச் சேரவில்லை. படங்கள் நன்றாகத்தான் இருந்தன. எந்த நேர மண்டலத்தில் எடுத்தோம் என்று குறிக்கவில்லை, கேமராக் கடிகாரமும் ஜி.பி.எஸ். கடிகாரமும் ஒத்துப்போகவில்லை, அதனால் எந்தப் படம் எந்த இடத்தில் எடுத்தது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதே காலத்தில், வெளிநாட்டு ஆய்வகத்துக்குப் போக வேண்டிய எங்கள் திசு மாதிரிகள் பதினோரு மாதம் உறைபெட்டியிலேயே கிடந்தன. ஏற்றுமதி அனுமதியை முதலில் கேட்டுவிட்டுக் காத்திருந்தோம், இறக்குமதி அனுமதி கையில் இல்லாமல் அது வராது என்று விண்ணப்பத்தை வாங்கிய அலுவலகம் கடைசிவரை சொல்லவில்லை.

இதில் எதுவுமே கடலில் நடந்த தவறு இல்லை. எல்லாம் படகு ஏறுவதற்கு முன்னாலேயே செய்த தவறு. அதனால்தான் இந்த வழிகாட்டியில் கடல் வேலை பாதிக்குப் பிறகுதான் வருகிறது. சின்னக் குழு, தன்னார்வ அமைப்பு, ஆராய்ச்சி மாணவர், இப்படி யாராக இருந்தாலும் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். வரிசை மாறினால்தான் மாதங்கள் வீணாகின்றன.

1. என்ன கேள்விக்குப் பதில் வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

"திமிங்கலங்களைக் கண்காணிக்கப் போகிறோம்" என்பது கேள்வி ஆகாது. எத்தனை இருக்கின்றன, எங்கே போய் வருகின்றன, இரண்டு கூட்டங்கள் ஒரே இனத்தொகையா இல்லை தனித்தனியா, இந்த மூன்றில் ஒன்றைப் பிடியுங்கள்.

முதல் கேள்விக்குப் படகிலோ விமானத்திலோ நேர்கோட்டுக் கணக்கெடுப்பு தேவை, அதாவது முன்பே வரைந்த நேர்கோடுகளில் போய்க்கொண்டே கண்ணில் படுபவற்றை எண்ணுவது. இரண்டாவதுக்குப் படங்களை வைத்து தனித்தனி விலங்குகளை அடையாளம் காண வேண்டும். மூன்றாவதுக்குப் பெரும்பாலும் திசு மாதிரி வேண்டும். காகித வேலையும் இதே வரிசையில் கூடுவதாக நினைக்காதீர்கள். படம் மட்டும் என்றால் காகிதம் மிகக் குறைவு, திசு என்றால் மிக அதிகம், கணக்கெடுப்பு இடையில் நிற்கும். முதல் ஆண்டிலேயே மூன்றையும் தொடக்கூடாது என்பது என் கருத்து. படத்தில் தொடங்குங்கள்.

2. உங்கள் கடலை ஏற்கெனவே யார் எண்ணுகிறார்கள் என்று பாருங்கள்

இந்த ஒரு வாரத் தேடலைத் தவிர்த்துவிட்டுப் புதிதாக ஒரு படிவம், புதிதாக ஒரு முறை என்று தொடங்குவதுதான் மிகப் பெரிய வீண். பிறகு அந்தத் தரவை யாருடைய தரவோடும் ஒட்ட முடியாது.

பெரிய ஏற்பாடுகள் சில: சர்வதேச திமிங்கல ஆணையத்தின் அறிவியல் குழு ஆண்டுதோறும் கூடுகிறது. அதன் கீழ் 2010 முதல் வட பசிபிக்கில் 'பவர்' என்ற கப்பல் கணக்கெடுப்பு நடக்கிறது, தென்பெருங்கடலுக்குத் தனியாக ஓர் ஆய்வுக் கூட்டணி இருக்கிறது. ஐரோப்பிய அட்லாண்டிக் கடலில் 'ஸ்கான்ஸ்' கணக்கெடுப்பு 1994, 2005, 2016, 2022 ஆண்டுகளில் நடந்தது. வட அட்லாண்டிக்கின் நடுப்பகுதிக்கு 'நாஸ்' கணக்கெடுப்பு 1987 முதல் உள்ளது. மத்தியதரைக் கடல், கருங்கடல் நாடுகளுக்கு 'அக்கோபாம்ஸ்' ஒப்பந்தம், பால்டிக், வட கடல் பக்கம் 'அஸ்கோபான்ஸ்' ஒப்பந்தம். பசிபிக் தீவு நாடுகளும் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளும் இடம்பெயரும் உயிரினங்கள் உடன்படிக்கையின் கீழ் தனித்தனியாகப் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்திருக்கின்றன. உங்கள் கடல் இதில் எதிலும் இல்லாவிட்டாலும் இவர்களின் படிவங்களையும் கையேடுகளையும் எடுத்து அப்படியே பின்பற்றுங்கள்.

படங்களுக்கு ஹேப்பிவேல், ஃப்ளூக்புக் என்ற இரண்டு இணைய மேடைகள் பெரியவை. இரண்டுமே படத்தைத் தானாக ஒப்பிட்டுப் பொருத்தம் தேடும். இவை தவிர ஒவ்வொரு இனத்துக்கும் கடலுக்கும் தனிப் பட்டியல்கள் இருக்கின்றன. வட அட்லாண்டிக் கூனல் திமிங்கலங்களுக்கான பட்டியலை அமெரிக்காவின் காலேஜ் ஆஃப் தி அட்லாண்டிக்கில் இயங்கும் 'அலைடு வேல்' குழு பல பத்தாண்டுகளாகப் பராமரிக்கிறது.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், திமிங்கலத்தை ஒரு நாட்டுக்குள் எண்ணி முடிக்க முடியாது. 2013-இல் கொலம்பியாவின் பசிபிக் கரையில் படம் பிடிக்கப்பட்ட ஒரு ஆண் கூனல் திமிங்கலம் 2022-இல் சான்சிபார் கால்வாயில் கிடைத்தது, நேர் தூரமே 13,046 கிலோமீட்டர். இரு இடத்துப் படங்களும் ஒரே மேடைக்கு வந்து சேர்ந்ததால்தான் அது தெரிந்தது. இல்லையென்றால் இரண்டு நாடுகள் இரண்டு திமிங்கலம் என்று எழுதியிருக்கும். 2004 முதல் 2006 வரை வட பசிபிக் முழுவதும் நடந்த 'ஸ்பிளாஷ்' திட்டத்தில் 10 நாடுகளைச் சேர்ந்த 400-க்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் ஒரே முறையில் படம் எடுத்தார்கள். ஏறத்தாழ 20,000 கூனல் திமிங்கலங்கள் என்ற மதிப்பீடு அப்படித்தான் கிடைத்தது. தனித்தனியாக எடுத்த எண்ணிக்கைகளை வெறுமனே கூட்டியிருந்தால் ஒரே விலங்கு இரண்டு மூன்று முறை எண்ணப்பட்டிருக்கும்.

3. பங்காளியோடு ஒரு பக்க ஒப்பந்தம் எழுதுங்கள்

பங்காளி என்றால் தரவையோ மாதிரியையோ உங்களோடு பகிரும் குழு அல்லது ஆய்வகம். நட்பாகப் பேசி முடித்துவிட்டோம், இனி எதற்குக் காகிதம் என்று விட்டுவிடாதீர்கள். ஆள் மாறுவார், நிதி முடியும், மாணவர் பட்டம் வாங்கிப் போய்விடுவார். ஒரு பக்கம் போதும். அதில் இருக்க வேண்டியவை:

தரவு யாருக்குச் சொந்தம், படத்தின் உரிமை யாருக்கு. எதை யார் பொதுவில் வெளியிடலாம், எத்தனை மாதம் கழித்து. கட்டுரை எழுதினால் யார் பெயர் வரும், யார் வரைவைப் பார்த்துச் சம்மதம் சொல்ல வேண்டும். திசு மாதிரியில் பாதி எங்கே தங்கும், மீதியை வேறு ஆய்வகத்துக்குக் கொடுக்கும் முன் யாரைக் கேட்க வேண்டும். ஒப்பந்தம் முறிந்தால் என்ன ஆகும்.

திசு பற்றிய வரி மிக முக்கியம். வெளிநாட்டு ஆய்வகத்தில் ஒருமுறை போய்ச் சேர்ந்த குப்பியைத் திரும்பக் கேட்பது நடைமுறையில் முடியாத காரியம். ஒவ்வொரு மாதிரியையும் எடுக்கும்போதே இரண்டாக வெட்டி, ஒரு பாதி எடுத்த நாட்டிலேயே இருக்கும் என்று எழுதிவிடுங்கள். பெரிய நிறுவனங்கள் தங்கள் சொந்தப் படிவத்தை அனுப்பிக் கையெழுத்துக் கேட்பார்கள். அதை முழுக்கப் படியுங்கள், மாற்றம் கேட்பதில் கூச்சமே வேண்டாம், நாங்கள் கேட்டபோது மறுப்பில்லாமல் மாற்றித் தந்தார்கள்.

4. எந்த நாட்டுக் கடல், யாருடைய சம்மதம்

உங்கள் சொந்த நாட்டுக் கொடி பறக்கும் படகில், உங்கள் நாட்டுக் கடலில், உங்கள் நாட்டவர் மட்டும் என்றால் உள்நாட்டு அனுமதியோடு முடிந்தது. இதில் ஒன்று மாறினாலும் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 13-ஆம் பகுதி உள்ளே வரும். வெளிநாட்டு ஆய்வாளர் ஒருவரை உங்கள் படகில் ஏற்றுவதாக இருந்தாலும் முதலில் கேட்டுவிடுங்கள். பல நாடுகள் அதையும் வெளிநாட்டு ஆய்வாகவே பார்க்கின்றன.

கரையிலிருந்து 12 கடல் மைல் வரை உள்ள கடலில் அந்த நாட்டின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் ஆய்வு செய்யக்கூடாது. 200 கடல் மைல் வரையிலான தனிப் பொருளாதார மண்டலத்திலும் சம்மதம் தேவை. இதற்கான விவரங்களை ஆய்வு தொடங்குவதற்குக் குறைந்தது 6 மாதம் முன்பு கொடுக்க வேண்டும் என்று 248-ஆம் பிரிவு சொல்கிறது. பொருளாதார மண்டலத்துக்கு மட்டும், 4 மாதத்துக்குள் அந்த நாடு மறுப்போ கேள்வியோ அனுப்பாவிட்டால், விவரம் கொடுத்து 6 மாதம் ஆனதும் தொடங்கலாம் என்று 252-ஆம் பிரிவு இருக்கிறது. தயவுசெய்து இதை நம்பிப் படகை எடுக்காதீர்கள். கடலில் உங்களை நிறுத்தும் ரோந்துப் படகுக்காரரிடம் சட்டப் பிரிவைக் காட்டி வாதாட முடியாது. எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

விண்ணப்பத்தில் கேட்பவை: ஆய்வின் நோக்கமும் தன்மையும், கப்பலின் பெயர், டன் எடை, வகை, பயன்படுத்தும் கருவிகள், துல்லியமான பகுதி, முதல் நாளும் கடைசி நாளும், நடத்தும் நிறுவனம், அதன் தலைவர், திட்டப் பொறுப்பாளர், கடலோர நாட்டவர் எந்த அளவுக்குப் பங்கேற்கலாம் என்பது. கடைசி வரியை வெறுமையாக விடாதீர்கள். அந்த நாட்டு ஆய்வாளர்கள் இரண்டு பேருக்குப் படகில் இடம் என்று எழுதி, உண்மையிலேயே இடம் கொடுங்கள். அது அவர்களின் உரிமை என்பதோடு, அடுத்த ஆண்டு அனுமதி எளிதாகக் கிடைப்பதற்கும் அவர்கள்தான் காரணமாக இருப்பார்கள்.

பொறி எங்கே என்றால், விண்ணப்பம் நேராகப் போகாது. அரசு வழியாக, பெரும்பாலும் வெளியுறவு அமைச்சகம் வழியாகப் போகும். அந்த வழியில் உங்கள் பக்கத்திலேயே சில வாரங்கள் போய்விடும். எனவே 6 மாதம் என்று எழுதியிருந்தால் 9 மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஹைட்ரோஃபோன், அதாவது நீருக்கடி ஒலிவாங்கி, போடுவதாக இருந்தால் அதைத் தனி வரியாகக் குறிப்பிடுங்கள். கடலடி ஒலிப்பதிவில் கப்பல், நீர்மூழ்கி ஓசைகளும் விழும், அதனால் பாதுகாப்புத் துறையின் கருத்தும் கேட்கப்படலாம். மறைத்துப் போட்டுவிட்டுப் பிறகு விளக்கம் சொல்வது முழுத் திட்டத்தையே கெடுக்கும்.

5. விலங்கை நெருங்க அனுமதி

கடல் பாலூட்டிகளைத் தொந்தரவு செய்யத் தடை உள்ள நாடுகளில், படம் எடுக்க நெருங்குவதற்கே ஆய்வு அனுமதி வேண்டும். டிரோன் என்றால் விமானப் போக்குவரத்துத் துறை அனுமதி வேறு, வனவிலங்குத் துறை அனுமதி வேறு, ஒன்று கிடைத்தால் மற்றது வந்துவிட்டதாக அர்த்தமில்லை. பயாப்ஸி, அதாவது உயிருள்ள விலங்கிலிருந்து சிறு திசுத் துண்டு, எடுக்க நிறுவனத்தின் விலங்கு நெறிக்குழு ஒப்புதலும் தேவை. அந்தக் குழுக்கள் மாதம் ஒருமுறையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோதான் கூடும், அதனால் அடுத்த கூட்டம் என்றைக்கு என்று முதலிலேயே கேளுங்கள். ஒப்புதல் கடிதத்தில் இனங்களின் அறிவியல் பெயர்கள் எல்லாம் இருக்கட்டும். கூனல் திமிங்கலத்துக்கு மட்டும் அனுமதி வாங்கிவிட்டுக் கடலில் நீலத் திமிங்கலத்தைச் சந்தித்தால் பார்த்துக்கொண்டு நிற்கத்தான் முடியும்.

6. கடலில்: பார்த்ததைவிடத் தேடியதைப் பதிவு செய்யுங்கள்

புதியவர்கள் பார்த்த விலங்கை மட்டும் எழுதுகிறார்கள். அது எண்ணிக்கைக்கு உதவாது. எங்கே எவ்வளவு நேரம் தேடினோம், எங்கே ஒன்றுமே தென்படவில்லை என்பதும் சேர்ந்தால்தான் அது கணக்கெடுப்பு. ஜி.பி.எஸ். தடத்தைப் படகு கிளம்பியது முதல் திரும்பும்வரை ஓடவிடுங்கள். தேடல் தொடங்கிய நேரம், நிறுத்திய நேரம், யார் எந்தப் பக்கம் பார்த்தார், கடலின் நிலை போஃபோர்ட் அளவில் (காற்றும் அலையும் கூடக்கூட எண் கூடும் அளவுகோல்) எத்தனை, பார்வைத் தெளிவு, சூரியக் கூச்சம், இவற்றை அரை மணிக்கு ஒருமுறையும் ஏதாவது மாறும்போதும் எழுதுங்கள். சாப்பிட உட்கார்ந்த இருபது நிமிடமும் தேடல் நேரமாகப் பதிவானால் கணக்கு தவறும்.

சிறிய கடற்பன்றிகளை போஃபோர்ட் 2-க்கு மேல் போனால் தவறவிட ஆரம்பித்துவிடுவோம். பெரிய திமிங்கலங்களை 4, 5 வரை பார்க்கலாம். எந்த நிலையில் நிறுத்துவது என்று பங்காளியின் செயல்முறையில் இருக்கும், அதையே பின்பற்றுங்கள்.

நேர்கோட்டுக் கணக்கெடுப்பில் ஒவ்வொரு கூட்டத்துக்கும் கோணமும் தூரமும் வேண்டும். இங்கேதான் எல்லோரும் விழும் குழி இருக்கிறது. படகின் முன்னால் கொஞ்சம் விலகித் தெரிந்ததை "நேர் முன்னே, 0 டிகிரி" என்று முழுதாக்கி எழுதிவிடுகிறோம். எல்லாமே கோட்டின் மேலேயே இருந்ததாகக் கணக்கு நினைத்துக்கொள்ளும், மொத்த எண்ணிக்கை உண்மையைவிட மிக அதிகமாக வரும். 3 டிகிரி என்றால் 3 என்றே எழுதுங்கள். கோணப் பலகை ஒன்றை மரத்தில் செய்து கைப்பிடிக் கம்பியில் மாட்டிவிட்டால் போதும். தூரத்துக்கு அளவுக்கோடு போட்ட பைனாகுலர் வாங்குங்கள், கண்ணால் சொல்லும் தூரத்தை நம்ப வேண்டாம். கூட்டத்தின் அளவை மூன்று எண்ணாக எழுதுங்கள்: குறைந்தது, அதிகபட்சம், உங்கள் மதிப்பீடு.

விந்துத் திமிங்கலம் போன்றவை முக்கால் மணி நேரம், சில சமயம் அதற்கும் மேல் நீருக்கடியில் இருக்கும். படகு கடந்துபோகும்போது அது மேலே வரவே வராமல் இருக்கலாம். இதற்குத் திருத்தம் செய்யும் முறைகள் இருக்கின்றன, ஆனால் அதற்குத் தோதாகக் கணக்கெடுப்பையே முன்கூட்டி வடிவமைக்க வேண்டும். புள்ளியியல் தெரிந்த ஒருவரிடம் கடலுக்குப் போகும் முன் பேசுங்கள், வந்த பிறகு அல்ல. இந்தக் கணக்குக்கான 'டிஸ்டன்ஸ்' மென்பொருள் இலவசம். தூரம் கூடக்கூட எவ்வளவு தவறவிடுகிறோம் என்று கணிக்க 60 முதல் 80 பார்வைகளாவது வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. ஒரு சின்னக் குழுவுக்கு ஒரு பருவத்தில் அவ்வளவு கிடைப்பது அரிது. ஒரே முறையில் வேலை செய்த பக்கத்து நாட்டுக் குழுக்களோடு சேர்த்தால் கிடைத்துவிடும். எண்ணிக்கை என்று ஒன்றை வெளியிடவே முடியாது என்று நாங்கள் சோர்ந்துபோன நேரத்தில் எங்களை மீட்டது இந்தக் கூட்டுதான்.

7. படங்கள்

ஒவ்வொரு நாளும் முதல் படம் ஜி.பி.எஸ். திரையின் படமாக இருக்கட்டும், நொடி தெரியும்படி. கடைசிப் படமும் அதுவே. கேமராக் கடிகாரம் எவ்வளவு பிசகியிருந்தாலும் பிறகு சரிசெய்துவிடலாம். இதை முதல் நாளே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் இரண்டு பருவம் பிழைத்திருக்கும்.

கூனல் திமிங்கலத்துக்கு வால் துடுப்பின் அடிப்பக்கம் வேண்டும், அது ஆழ்ந்து முங்கும்போது பின்னாலிருந்து கிடைக்கும். விந்துத் திமிங்கலத்துக்கு வாலின் பின்விளிம்பில் உள்ள வெட்டுகள், நீலத் திமிங்கலத்துக்கு உடலின் இரு பக்கமும் உள்ள புள்ளித் திட்டுகள், ரைட் திமிங்கலத்துக்குத் தலையில் உள்ள தடித்த தோல் திட்டுகள். பெரும்பாலான டால்ஃபின்களுக்கு முதுகுத் துடுப்பு, இடம் வலம் இரண்டும், படகுக்குச் செங்குத்தாக இருக்கும்போது. அழகான வால் உள்ள விலங்கை மட்டும் படம் எடுக்காதீர்கள், அடையாளம் குறைவானவற்றையும் எடுங்கள். எத்தனை பங்கு அடையாளம் இல்லாதவை என்று தெரியாவிட்டால் மொத்த எண்ணிக்கையைக் கணக்கிட முடியாது.

அப்புறம், படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பித் திரட்டாதீர்கள். அது படத்தைச் சுருக்கி, உள்ளே பதிவான நேரத்தையும் இடத்தையும் நீக்கிவிடும். மூலக் கோப்பை வெட்டாமல், பெயர் மாற்றாமல் இரண்டு வன்தட்டில் வையுங்கள். வெட்டிச் சீர்செய்வது நகலில் மட்டும்.

8. திசு மாதிரி: அனுமதிகளின் வரிசை

சரி, கடினமான பகுதிக்கு வருவோம்.

திமிங்கலம், டால்ஃபின், கடற்பன்றி எல்லா இனங்களும், அழியும் ஆபத்துள்ள உயிரினங்கள் நாடு விட்டு நாடு போவதைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் அல்லது இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. பெருந்திமிங்கலங்கள் ஏறக்குறைய எல்லாம் முதல் பட்டியல், சில டால்ஃபின் இனங்களும் அதில் உண்டு. அரிசி மணி அளவு தோலும் இந்த விதிக்குள் அடங்கும். வணிகம் இல்லை, ஆய்வுதான் என்பதால் விலக்குக் கிடைக்காது.

முதல் பட்டியல் இனத்துக்கு இரண்டு அனுமதிகள் வேண்டும். வாங்கும் நாட்டின் இறக்குமதி அனுமதி முதலில். அது கிடைத்ததைக் காட்டினால்தான் அனுப்பும் நாடு ஏற்றுமதி அனுமதி தரும். நாங்கள் தலைகீழாகச் செய்ததைத்தான் மேலே சொன்னேன். இறக்குமதி அனுமதி 12 மாதம், ஏற்றுமதி அனுமதி 6 மாதம் வரைதான் செல்லும். எனவே ஆய்வகம் பெறத் தயாராக இருக்கிறதா, கூரியர் எடுக்குமா என்றெல்லாம் உறுதி செய்த பிறகே ஏற்றுமதி அனுமதிக்குப் போங்கள். இரண்டாம் பட்டியல் இனத்துக்குச் சைட்டிஸ்படி ஏற்றுமதி அனுமதி போதும், ஆனால் சில நாடுகள் தங்கள் சட்டப்படி இறக்குமதி அனுமதியும் கேட்கின்றன.

எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத திறந்த கடலில் எடுத்த மாதிரிக்கு வேறு விதி. அதைக் கரைக்குக் கொண்டுவருவதே 'கடலிலிருந்து கொண்டுவருதல்' என்று கருதப்படும், அதற்குத் தனிச் சான்றிதழ். கப்பலின் கொடி ஒரு நாடு, இறங்கும் துறைமுகம் வேறு நாடு என்றால் ஏற்றுமதி, இறக்குமதி கணக்கில் போகும். கப்பல் கிளம்பும் முன்பே இதைக் கேட்டுவிடுங்கள். துறைமுகத்தில் நின்றுகொண்டு கேட்டால் மாதிரி பறிமுதல் ஆகும் வாய்ப்பு உண்டு, முன்தேதியிட்டு அனுமதி வாங்குவது ஏறத்தாழ நடக்காது.

பதிவு செய்யப்பட்ட அறிவியல் நிறுவனங்களுக்கு இடையே வணிகமற்ற பரிமாற்றத்துக்கு, அனுமதிக்குப் பதில் ஒரு முத்திரைச் சீட்டோடு அனுப்பும் வழியும் சைட்டிஸில் இருக்கிறது. இரு நிறுவனங்களும் பதிவு எண் பெற்றிருக்க வேண்டும், உங்கள் மாதிரி வகைக்கு அது பொருந்துமா என்று இரு நாட்டு அலுவலகங்களிடமும் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். பொருந்தினால் மாதக்கணக்கில் நேரம் மிச்சம்.

இதோடு, மரபணு வளங்களை அணுகுவதற்கும் அதன் பலனைப் பகிர்வதற்குமான நகோயா நெறிமுறை. 2014 அக்டோபர் 12 முதல் நடைமுறையில் இருக்கிறது. மாதிரி எடுத்த நாடு தனியாகச் சட்டம் வைத்திருந்தால், அந்த நாட்டின் முன்சம்மதமும் இருவரும் ஒத்துக்கொண்ட நிபந்தனைகளும் காகிதத்தில் வேண்டும். சைட்டிஸ் அலுவலகமும் நகோயா அலுவலகமும் பல நாடுகளில் வெவ்வேறு, ஒருவர் மற்றவரைப் பற்றிச் சொல்ல மாட்டார். இரண்டையும் நீங்களே கேளுங்கள்.

அனுமதியில் எழுதிய எண்ணிக்கையும் பெட்டியில் உள்ள குப்பிகளும் ஒன்று பிசகாமல் ஒத்திருக்க வேண்டும். அறிவியல் பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் சுங்கத்தில் நிற்கும். இனம் உறுதியாகாத மாதிரிகளைத் தனிப் பெட்டியில், தனி விண்ணப்பத்தில் வையுங்கள், அவற்றால் மற்றவையும் சேர்ந்து முடங்க வேண்டாம். மூல அனுமதித் தாள் பெட்டியோடு போக வேண்டும், கிளம்பும் இடத்துச் சுங்கத்தில் முத்திரை வாங்க வேண்டும். இந்த முத்திரையை கூரியர் ஆள் வாங்குவார் என்று விட்டுவிட்டால் அநேகமாக யாரும் வாங்க மாட்டார்கள்.

பதப்படுத்துவதில் ஒரு யோசனை. உப்பு நிறைந்த 20 சதவீத டி.எம்.எஸ்.ஓ. (டைமெத்தில் சல்ஃபாக்சைடு என்ற வேதிப்பொருள்) கரைசலில் தோல் சாதாரண வெப்பநிலையிலேயே கெடாமல் இருக்கும், அதில் மரபணு வேலை முழுவதும் செய்யலாம். எத்தனால் என்றால் எரியும் திரவம், விமானத்தில் கேள்வி வரும். சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் ஏ180 என்ற சிறப்பு விதிப்படி, குப்பிக்கு 30 மில்லிலிட்டருக்கு மிகாமல், வெளிப்பெட்டிக்கு 1 லிட்டருக்கு மிகாமல், விதிப்படி பொதிந்து, ஆய்வு மாதிரி என்று குறித்து அனுப்பலாம். உலர்பனி வைத்தால் யு.என். 1845 முத்திரையும் நிகர எடையும் பெட்டியின் மேல் வேண்டும், பெட்டியைக் காற்றுப் புகாமல் மூடக்கூடாது. ஹார்மோன், கொழுப்பு ஆய்வு இல்லையென்றால் உலர்பனியே வேண்டாம் என்பேன். பனி உருகுவதற்குள் சுங்கம் விடுவிக்குமா என்று கவலைப்பட்டுக்கொண்டு இருக்க முடியாது. வாரத்தின் முதல் இரண்டு நாட்களில் அனுப்புங்கள், வாரக்கடைசி சுங்கக் கிடங்கில் கழியாமல் இருக்கும்.

உங்கள் நாட்டிலேயே மரபணு வரிசை எடுக்கும் ஆய்வகம் இருந்தால் அங்கேயே செய்து, எழுத்து வரிசையை மட்டும் பகிரலாம். கோப்புக்குச் சைட்டிஸ் அனுமதி தேவையில்லை, உள்நாட்டு அணுகல் விதியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் இரு ஆய்வகங்களும் ஒரே மரபுக்குறிகளை, அதாவது ஒப்பிட எடுக்கும் மரபணுப் பகுதிகளை, பயன்படுத்த வேண்டும், சில மாதிரிகளை இருவரும் ஓட்டிப் பார்த்து ஒப்பிட வேண்டும்.

9. தரவை ஒட்டக்கூடிய வடிவில் அனுப்புதல்

பார்வைப் பதிவுகள் 'ஓபிஸ்' என்ற உலகக் கடல் உயிரியல் தரவுத் தளத்துக்குப் போகலாம். கடல் பாலூட்டி, பறவை, ஆமைகளுக்கு அதன் கிளையாக 'ஓபிஸ்-சீமேப்' இருக்கிறது. இரண்டுக்கும் 'டார்வின் கோர்' என்ற பொது வடிவம். பயப்பட வேண்டாம், எக்ஸ்செல் தாளில் நெடுவரிசைப் பெயர்களை அவர்கள் சொல்வதுபோல் வைத்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

தவறு வரும் இடங்கள் எப்போதும் ஒன்றே. 8 டிகிரி 30 நிமிடம் என்பதை 8.30 என்று எழுதுகிறார்கள், அது 8.5. தெற்கு அட்சரேகைக்கும் மேற்குத் தீர்க்கரேகைக்கும் கழித்தல் குறி போட மறக்கிறார்கள், திமிங்கலம் வேறு அரைக்கோளத்துக்குப் போய்விடும். 03/04 என்பது மார்ச்சா ஏப்ரலா என்று யாருக்கும் தெரியாது, 2023-04-03 என்று ஆண்டில் தொடங்குங்கள். நேரத்தை உலகப் பொது நேரத்தில் கொடுங்கள், அல்லது எத்தனை மணி வித்தியாசம் என்று ஒரு நெடுவரிசை வையுங்கள். இனப்பெயரை உலகக் கடல் உயிரினப் பதிவேட்டில் சரிபாருங்கள். இனம் உறுதியில்லை என்றால் "டால்ஃபின், இனம் தெரியவில்லை" என்று குடும்ப அளவில் நிறுத்துங்கள். ஊகித்து எழுதிய ஒரு பெயர் பல ஆண்டுகள் வரைபடங்களில் தங்கிவிடும்.

அரிய விலங்குகளின் துல்லியமான இடத்தை உடனே பொதுவில் போடாதீர்கள். சுற்றுலாப் படகுகள் மறுநாளே வந்து நிற்கும். இடத்தைச் சற்றுப் பரவலாக்கியோ தாமதித்தோ வெளியிடலாம், துல்லியமான தாளைப் பங்காளிகளுக்கு மட்டும் கொடுங்கள்.

ஒலிப்பதிவுகளை இணையத்தில் ஏற்ற நினைக்காதீர்கள். விநாடிக்கு 96,000 மாதிரி, 16 பிட், ஒரே தடம் என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 16.6 ஜிகாபைட். வன்தட்டில் அனுப்புங்கள், அல்லது இலவசமான 'பாம்கார்ட்' மென்பொருளில் கண்டறிதல்களை எடுத்து அதை மட்டும் பகிருங்கள். கருவியின் உணர்திறன் அளவை எழுதாத ஒலிப்பதிவைப் பிறரோடு ஒப்பிட முடியாது.

10. பணம்

படமேற்றுவது, தரவுத் தளங்கள், மேலே சொன்ன மென்பொருள்கள் எல்லாம் இலவசம். பணத்தை விழுங்குவது படகின் எரிபொருள், அடுத்தது படங்களையும் தாள்களையும் சீர்செய்யும் ஆளின் நேரம். கடலில் ஒரு நாள் என்றால் மேசையில் மூன்று நாள் என்று கணக்கிடுங்கள், எங்கள் அனுபவத்தில் அதற்குக் குறையவே இல்லை. அனுமதிக் கட்டணம் நாட்டுக்கு நாடு மாறும், பெரும்பாலும் படகுச் செலவுக்கு முன் அது சிறியதே, ஆனால் காலாவதியாகி மறுபடி வாங்கும்போதுதான் வலிக்கும். தனி கூரியர், உலர்பனி, சுங்க முகவர் மூன்றும் சேர்ந்தால் ஆய்வகச் செலவையே தாண்டலாம். எனவே பல சின்னப் பெட்டிகளாக அனுப்பாமல் ஆண்டுக்கு ஒரே பெட்டியாக அனுப்புங்கள்.

நிதிக்கு ரஃபோர்ட் அறக்கட்டளையின் சிறு மானியம், கடல் பாலூட்டியியல் சங்கத்தின் சிறு மானியம், சர்வதேச திமிங்கல ஆணையத்தின் சிறு திமிங்கல வகைகளுக்கான தன்னார்வ நிதி, இவற்றைப் பாருங்கள். கடலோர நாட்டு ஆய்வாளரின் பயணச் செலவை உங்கள் நிதிக் கோரிக்கையிலேயே சேர்த்துவிடுங்கள். பங்கேற்க அழைத்துவிட்டு டிக்கெட்டை அவர்களே வாங்கட்டும் என்பது நியாயமில்லை.

11. காலத்தைப் பின்னோக்கி எண்ணுங்கள்

படகு கிளம்பும் நாளிலிருந்து 12 மாதம் முன்பு பங்காளியும் ஒப்பந்தமும். 9 மாதம் முன்பு கடல் ஆய்வு விண்ணப்பம் அமைச்சகத்தின் கையில். 8 மாதம் முன்பு நெறிக்குழு, வனவிலங்கு அனுமதி. 6 மாதம் முன்பு நகோயா கேள்விகள், பெறும் ஆய்வகத்தோடு பேச்சு. 3 மாதம் முன்பு படிவங்களை அச்சடித்து ஒரு நாள் வெள்ளோட்டம், எல்லோரும் கோணப் பலகையோடு பழகட்டும். பருவம் முடிந்து எத்தனை குப்பி என்று தெரிந்ததும் அதே வாரத்தில் இறக்குமதி அனுமதி விண்ணப்பம், அது வந்த பின் ஏற்றுமதி அனுமதி.

சர்வதேச திமிங்கல ஆணையத்தின் அறிவியல் குழுவுக்கு உங்கள் முடிவு போக வேண்டும் என்றால், உறுப்பு நாடாக இருந்தால் நாட்டுப் பிரதிநிதிகள் வழியாகவும், இல்லாவிட்டால் அழைக்கப்பட்ட பங்கேற்பாளராகவும் போகலாம். ஆவணங்களுக்குக் கூட்டத்துக்கு முன்பே கடைசி நாள் உண்டு, அதை ஆண்டின் தொடக்கத்திலேயே பார்த்துவிடுங்கள்.

12. அனுப்பிய பிறகு

கடலோர நாட்டுக்கு முதல்நிலை அறிக்கையும் இறுதி முடிவும் கொடுப்பது கடல் சட்டப்படி உங்கள் கடமை. தாமதித்தால் அடுத்த அனுமதி நிற்கும், உங்களுக்குப் பின்னால் வரும் குழுக்களுக்கும் நிற்கும். இரண்டு பக்கம் போதும், அந்த நாட்டு அலுவலர் படிக்கக்கூடிய மொழியில்.

பன்னாட்டுப் பட்டியல் உங்கள் திமிங்கலத்துக்கு ஓர் எண் கொடுக்கும். அதை உங்கள் சொந்தத் தாளில் பக்கத்து நெடுவரிசையில் எழுதிக்கொள்ளுங்கள். நாங்கள் இரண்டு விலங்குகள் என்று வைத்திருந்தவை ஒன்றே என்று ஓராண்டு கழித்து வேறொரு நாட்டுப் படத்தால் தெரியவந்தது, அதற்குள் பழைய எண்ணிக்கையோடு ஓர் அறிக்கை போயிருந்தது. இப்போது பருவத்துக்கு முன் ஒரு வாரம் ஒதுக்கி, எந்த எண்கள் இணைந்திருக்கின்றன என்று பட்டியல் பராமரிப்பவரிடம் கேட்டு, எங்கள் தாளைத் திருத்திய பிறகுதான் படகுக்கு எரிபொருள் நிரப்புகிறோம்.